ஒற்றை நாற்றும் கடைமடை உழவரும்



சென்னையில் கணக்கர் பணியில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் நமக்கு நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். அவருடைய தந்தையார் நம் மறைமாவட்டத்துக் கடைமடைச் சிற்றூர் ஒன்றில் ஆறு மா நிலத்தில் பயிர்செய்கிறார். மண் கெட்டுவருகிறது, உரச்செலவு ஏறிவருகிறது, வாய்க்காலில் நீர் எப்போது வரும் என்பதற்கும் உறுதி இல்லை. திருந்திய நெல் சாகுபடி, பசுந்தாள் உரம், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல் ஆகியவற்றைக் கைப்பேசியில் கண்டும் கேட்டும் அறிந்த மகன், தந்தைக்குப் பலமுறை எடுத்துரைத்தாராம். தந்தையோ செவிசாய்க்கவில்லை. "நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்" என்று முடிகிறது மடல்.

அந்த ஒரு வார்த்தையை முன்னொரு முறை நாம் சொல்லியிருக்கிறோம். அதன் விளைவையும் கண்டிருக்கிறோம். ஆகவே இத்திங்கள் அந்த இளைஞருக்கு மறுமொழியாக அக்கதையையே எழுதத் துணிந்தோம்.

திருந்திய நெல் சாகுபடி என்னும் முறை எங்குப் பிறந்தது என்பதைப் பலர் அறியார். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அது பிறக்கவில்லை. மடகாஸ்கர் தீவில், ஆன்றி தெ லொலானியே என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவின் வயலில் பிறந்தது. துறவறம் புகுமுன்னரே வேளாண்மை கற்றவர் அவர். 1961-இல் அத்தீவுக்குச் சென்றார், 1995-இல் இறக்கும்வரை அம்மக்களோடு இருந்தார். சென்ற நாளிலிருந்து அவர் செய்த முதல் வேலை உழவர்களை உற்றுப் பார்த்ததுதான். ஓரிடத்தில் சிலர் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நடுவதைக் கண்டார். வேறோரிடத்தில் சிலர் வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவதைக் கண்டார். இவற்றையெல்லாம் மனத்தில் குறித்து வைத்தார். 1981-இல் அன்சிராபே நகரை அடுத்துச் சிற்றூர் இளைஞர்களுக்கென ஒரு வேளாண் பள்ளியைத் தொடங்கினார். 1983-இல் மழை முறை தவறியது. வேறு வழியின்றி, ஒரு மாதம் வளரவேண்டிய நாற்றைப் பதினைந்தே நாளில் பிடுங்கி நட நேர்ந்தது. அழிந்துபோகும் என்று அஞ்சிய பயிர் ஒரு மாதத்திற்குள் தூர்கட்டித் தழைத்து நின்றது. அதன் பின்னர்தான் இளநாற்று, ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, தேங்காத நீர், மண்ணைக் கிளறும் களை உருளை, தொழுவுரம் என்னும் யாவும் ஒன்றாக இணைந்து ஒரு முறையாயின.

இதன் நுட்பம் எளிது. நெல் நீரை விரும்பும் பயிர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நீரைப் பொறுத்துக்கொள்ளும் பயிர். எந்நேரமும் நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இல்லை, காற்றில்லாத இடத்தில் வேர் நாளடைவில் கருகுகிறது. வேர் நலிந்தால் தூர் குறையும், தூர் குறைந்தால் கதிர் குறையும். இளநாற்றை வேர் மடங்காமல் மெல்ல வைத்தால் அது நடவின் அதிர்ச்சியை அறியாது. கால் மீட்டர் தள்ளித் தள்ளி நட்டால் ஒவ்வொரு குத்துக்கும் வெயிலும் காற்றும் கிட்டும். ஏக்கருக்கு இருபத்தைந்து முப்பது கிலோ விதை வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று கிலோ போதும். எட்டு சென்ட் நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் போதும்.

லொலானியே அடிகள் தம் அனுபவத்தை 1993-இல் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் இதனை உலகறியச் செய்தார். எக்டேருக்கு இரண்டு டன் விளைந்த மலைச்சரிவுப் பகுதியில் எட்டு டன் வரை விளைந்ததென்று அவர் சொன்னபோது, நெல் ஆய்வாளர் பலர் நம்பவில்லை. 2004-ஆம் ஆண்டளவில் அறிவியல் ஏடுகளில் இதுபற்றிக் கடும் வாதமே நடந்தது. அவ்வாதத்தில் நுழைய நமக்குத் தகுதியில்லை. விதையும் நீரும் மிச்சம் என்பதை மட்டும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். நம் மாநிலத்தில் 2003-04-ஆம் ஆண்டில் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் உழவர்களின் வயல்களிலேயே இதனைச் சோதித்துப் பார்த்தனர். 2010-இல், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி, அரசு இதற்கு 'இராசராசன் 1000' என்று பெயரும் சூட்டிற்று.

அந்நாளில் நாம் கடைமடைப் பங்கு ஒன்றில் இருந்தோம். ஒரு குருவானவர் கண்ட முறை என்று அறிந்ததும் நமக்கு உள்ளூர ஒரு பெருமிதம் எழுந்தது. நாமே கண்டுபிடித்தது போன்ற பெருமிதம் என்று சொன்னாலும் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் விதைப்பவனைப் பற்றிச் சொல்லவேண்டிய நாளில், நாற்றங்காலைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம். கோயில் வாசலில் வேளாண் அலுவலர் ஒருவரை நிறுத்தித் துண்டறிக்கை கொடுக்கச் செய்தோம். மக்கள் வாங்கிக்கொண்டனர், மடித்துப் பையில் வைத்துக்கொண்டனர், வீட்டுக்குப் போயினர். எவரும் செய்யவில்லை. 'பழமையில் ஊறிய மக்கள்' என்று நம் நாட்குறிப்பில் எழுதி வைத்தோம். அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் முகம் சுருங்குகிறது.

ஒருவர் மட்டும் செய்தார். கணவரை இழந்த பெண்மணி. நகரத்தில் வாழும் ஒருவருடைய மூன்று மா நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுதுவந்தவர். பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். "சாமி இவ்வளவு சொல்லுறீங்க, செஞ்சு பார்க்கிறேன்" என்றார். அவருடைய நம்பிக்கை அம்முறையின்மேல் அன்று, நம்மேல் என்பதை அப்போது நாம் உணரவில்லை.

சம்பாப் பருவம். பாய் நாற்றங்கால் போட்டு, பதினான்காம் நாள், இரண்டே இலை விட்ட நாற்றைச் சதுரம் சதுரமாக நட்டார்கள். வரப்பில் நின்று பார்த்தால் வயலில் பயிர் இருப்பதே தெரியாது. பக்கத்து வயல்களில் முப்பது நாள் நாற்று முழங்கால் உயரத்தில் நின்றது. நட்ட நான்காம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. அவருடைய வயலோ சுற்றியுள்ள வயல்கள் அனைத்தினும் தாழ்ந்தது. மேட்டு வயல்கள் வடித்த நீரெல்லாம் அங்கே வந்து நின்றது. வடிகால் தூர்ந்து பல ஆண்டுகள். முழங்கால் உயரப் பயிர் தலையை வெளியே நீட்டித் தப்பியது. நான்கு விரல் உயர நாற்று நீருக்கடியில் ஒரு வாரம் கிடந்து அழுகிப்போயிற்று. பக்கத்து ஊர்களில் மிஞ்சிக் கிடந்த முதிர்ந்த நாற்று முடிகளை வாங்கி மீண்டும் நட்டார். இரண்டாம் முறை நடவுக் கூலி. அறுவடையில் குத்தகை நெல்லை அளந்த பின் வீட்டுக்கு வந்தது மிகச் சொற்பம்.

நாம் கொடுக்க முன்வந்த தொகையை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. "மழைக்குச் சாமி என்ன பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவ்வூரில் எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். நம் மறையுரையின்போது முதல் வரிசையில் அமர்ந்து அனைத்தையும் கேட்டு, எதையும் செய்யாதவர். ஒரு மாலை அவரிடமே சென்று, "ஏன் பெரியவரே, வயல் தாழ்ந்தது, மழை வரும் என்று அன்றே ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா?" என்று கேட்டோம். வெற்றிலையை மடித்தபடி அவர் சொன்னது ஏறக்குறைய இது:

"பூசையில நீங்க பேசிக்கிட்டிருக்கும்போது எழுந்து மறுத்துச் சொல்ல முடியுமா, சாமி? அந்த முறை பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். எங்க அப்பா காலத்துலேயே ஒத்தை நாத்து நட்டுப் பார்த்தவங்க உண்டு. ஆனா அது தண்ணி கையில இருக்கிறவனுக்கு. எனக்குத் தண்ணி எப்ப வரும்னும் தெரியாது, வந்தா எப்ப வடியும்னும் தெரியாது. காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்லுறீங்க. காயப்போட்டப்புறம் மறுபடி பாய்ச்ச வாய்க்காலில தண்ணி இருக்கும்னு யார் எழுதிக் கொடுப்பாங்க? வந்த அன்னிக்கே கட்டிவச்சுக்கிறது பேராசையில்ல, பயம்."

அன்று நாம் கற்றதைக் குருமடத்தில் எட்டாண்டு பயின்றும் கற்கவில்லை. உழவர் நீரைத் தேக்குவது அறியாமையால் என்று துண்டறிக்கை கூறிற்று. அது அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட காப்பீடு. கொத்தாக நான்கைந்து நாற்று நடுவதும் அவ்வாறே. ஒன்றை நண்டு வெட்டினாலும், ஒன்று அழுகினாலும், இரண்டு நிற்கும். விதையை மிச்சப்படுத்துபவர் அந்தக் காப்பீட்டைக் கைவிடுகிறார். வேறு வருவாய் உள்ளவர் அதைக் கைவிடலாம். மூன்று மா குத்தகைக்காரர் எதை நம்பிக் கைவிடுவது?

பின்னர் படித்து அறிந்தபோது, மடகாஸ்கரிலேயே இதே கதை நடந்திருப்பது தெரியவந்தது. மோசர், பாரெட் என்னும் இரு ஆய்வாளர்கள் அத்தீவின் சிற்றூர்களில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. விளைச்சலைப் பெருக்கும் முறை, வெளியிலிருந்து எதையும் விலைக்கு வாங்கவேண்டாத முறை, பிறந்த மண்ணிலேயே ஏன் பரவவில்லை, செய்து பார்த்தவர்களிலும் பலர் ஏன் விட்டுவிட்டனர் என்பது அவர்கள் எழுப்பிய வினா. விடை மனத்தைத் தைப்பது. நடவுக்காலமே அங்குப் பஞ்சகாலம். சென்ற ஆண்டு நெல் தீர்ந்து, புது நெல் வர மாதங்கள் இருக்கும். ஏழை உழவர் அந்நாள்களில் பிறர் வயலில் கூலிக்குப் போனால்தான் அன்றைய அரிசி. தம் வயலில் கயிறு பிடித்து ஒவ்வொன்றாக நடவும், நாள்தோறும் நீரைப் பார்க்கவும், பலமுறை களையெடுக்கவும் அவருக்கு நேரமில்லை. நேரத்தைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு இராச்சோறு இல்லை. விளைச்சல் இருமடங்காகும் என்பதை அவர் மறுக்கவில்லை. அது நான்கு மாதம் கழித்து. பசி இன்றைக்கு. தொடர்ந்து செய்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளமோ வேறு நிலையான வருவாயோ உள்ளவர்கள். ஆக, ஏழைகளுக்கென ஒரு துறவி கண்ட முறை, ஓரளவு வசதி உள்ளவருக்கே முதலில் கைகொடுத்தது. லொலானியே அடிகள் இதனை எவ்வளவு வருத்தத்தோடு நோக்கியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. 1990-இல் மலகாசி நண்பர்களோடு அவர் நிறுவிய சங்கத்திற்கு 'தெஃபி சைனா' என்று பெயர். மனத்தைச் செம்மைப்படுத்துதல் என்பது அதன் பொருள். நெல்லுக்கு முன் மனிதரை வைத்த பெயர்.

நம் ஊரில் வேறொன்றும் நிகழ்ந்தது. வசதியுள்ள இருவர் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொண்டு இம்முறையைக் கையாண்டு நன்கு விளைத்தனர். கோனோவீடர் எனப்படும் களை உருளையை ஆண்கள் தள்ளினர். கைக்களை எடுக்கும் பெண்களுக்கு அவ்வயல்களில் வேலை இல்லாமற்போயிற்று. ஏழெட்டுப் பெண்கள் பங்குத்தந்தை இல்லத்துக்கே வந்துவிட்டனர். "சாமி கொண்டாந்த உருளை எங்க கூலியை உருட்டிவிட்டுடுச்சு" என்றார் அவர்களுள் மூத்தவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நடவிலும் அவர்களுக்குக் குறை. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசும் கூட்டம், சதுரக் கோட்டில் ஒவ்வொன்றாக நட்டால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாகிறது, கூலி ஏறுவதில்லை. அவர்கள் ஏன் மனமுவந்து நடவேண்டும்? துண்டறிக்கையில் உழவர் படம் இருந்தது. நடவு செய்யும் பெண்கள் படம் இல்லை.

இன்னொரு முடிச்சு நில உரிமை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதாலோ, ஏரி வண்டல் அடித்தாலோ, ஆட்டுக்கிடை போட்டாலோ, பயன் ஓராண்டில் முடிந்துவிடுவதில்லை, அடுத்த ஆண்டும் மண்ணில் தொடர்கிறது. அடுத்த ஆண்டு அந்த வயல் யாரிடம் இருக்கும்? குத்தகையாளரைப் பதிவுசெய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. ஆயினும் வாய்மொழிக் குத்தகை இன்றும் மறையவில்லை. பதிவு இல்லாதவருக்கு வங்கிக் கடன் அரிது, வெள்ள நிவாரணமும் பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கே போகிறது. அப்பெண்மணி கிடை போடாததற்கு அவர் சொன்ன காரணம் ஒரே வரி: "மண்ணு நல்லாயிட்டா குத்தகையை ஏத்திடுவாங்க, சாமி."

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் இவ்வுண்மைக்கு மிகப் பெரிய சான்று கிடைத்தது. பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள நாடு அது. பழைய ஆட்சியாளர் வகுத்த சட்டப்படி வயலில் நிற்கும் மரமும் அரசுக்கே உரியது. வெட்டினால் தண்டம். ஆகவே உழவர்கள் முளைக்கும் கன்றையெல்லாம் உழும்போதே கிள்ளி எறிந்தனர். அரசும் பிறரும் நட்ட கன்றுகளோ பெரும்பாலும் பட்டுப்போயின. மராதிப் பகுதியில் பணியாற்றிய டோனி ரினாடோ என்னும் ஆஸ்திரேலிய வேளாண்மையர், 1983-ஆம் ஆண்டளவில், புதர் என்று தாம் எண்ணியவை வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கண்டார். புதிதாக நடவேண்டியதில்லை, துளிர்ப்பதில் சிலவற்றை விட்டுவைத்துக் கவாத்து செய்தால் போதும். ஆனால் அது பரவியதற்குக் காரணம் அந்தக் கண்டுபிடிப்பு மட்டுமன்று. வயலில் வளர்ப்பது வளர்த்தவருக்கே என்னும் நிலை மெல்ல மெல்ல ஏற்பட்டது. விறகும் தீவனமும் தமக்கே என்று தெரிந்ததும், எவரும் பிரசங்கம் செய்யாமலேயே மக்கள் மரம் காத்தனர். ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் நிலம் அவ்வாறு பசுமை பெற்றதென்று கணக்கிட்டிருக்கின்றனர்.

நம் பெரியவரின் கதைக்கு மீள்வோம். மறு ஆண்டு குறுவையில் அவர் நம்மை அழைத்துக்கொண்டுபோய், தம் நிலத்தின் மேட்டு மூலையில் முப்பது குழியைக் காட்டினார். பக்கத்து விவசாயியின் மோட்டாரிலிருந்து நீர் வாங்கிக்கொள்ளும் இடம். அங்கே ஒற்றை நாற்று நடவில்லை, இரண்டிரண்டாக நட்டிருந்தார். பதினான்கு நாள் நாற்றன்று, பதினெட்டு நாள். இடைவெளி மட்டும் துண்டறிக்கையில் கண்டபடி. களை உருளை நாலு முறைக்குப் பதில் இரண்டு முறை, அதன்பின் கைக்களைக்கு நான்கு பெண்கள். "முழுசா அழிஞ்சாலும் முப்பது குழிதானே, வீட்டுல யாரும் திட்டமாட்டாங்க" என்றார். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வெள்ளை வேர், கை நிறைய. இன்னொரு வயலின் குத்தையும் பிடுங்கி அருகில் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஆண்டு முப்பது குழி ஒரு மாவாயிற்று, அதற்கப்பால் இரண்டு மா. தாழ்ந்த வயலில் மட்டும் கடைசிவரை பழைய முறைதான். அதிகாரிகளின் கணக்கில் அவர் இம்முறையை ஏற்றவரா மறுத்தவரா என்று நமக்குத் தெரியாது. இரண்டு பத்தியிலும் அவர் அடங்கமாட்டார்.

அவரைப் பார்த்து ஐந்தாறு குடும்பங்கள் செய்தன. நம் மறையுரையைக் கேட்டு ஒரு குடும்பம் செய்தது என்பதை இங்கே குறித்தாக வேண்டும்.

இன்று நடவு இயந்திரம் ஊர்தோறும் வந்துவிட்டது. அதற்குப் பாய் நாற்றங்காலும் இளநாற்றும் வேண்டும், வரிசை தானாகவே அமைகிறது. ஆகவே அன்று மறுக்கப்பட்டதில் பாதி இன்று இயந்திரத்தின் வாயில் வழியே வயலுக்குள் வந்துவிட்டது. கடைமடையில் நீர் பிந்தும் ஆண்டுகளில் நடவே இன்றி நேரடியாக விதைப்போரும் பலர். காயவிட்டுப் பாய்ச்சினால் வயலிலிருந்து எழும் மீத்தேன் குறைகிறது, உலகின் வெப்பம் தணிய அது உதவும் என்று அறிஞர்கள் கூறுகின்றனர். நல்லதுதான். உலகைக் குளிரவைக்கும் செலவில் கடைமடை உழவரின் பங்கு எவ்வளவு என்பதையும் யாரேனும் கூறினால் இன்னும் நல்லது.

இனி மடல் எழுதிய தம்பிக்கு. உங்கள் தந்தையாரை நாம் சென்ற வாரம் சந்தித்தோம். அறிவுரை ஏதும் கூறவில்லை. ஆறு மாவில் எது மேடு, எது பள்ளம், வடிகால் யார் பொறுப்பில், பட்டா எவர் பெயரில், நடவுக்கு யார் வருவார்கள், சென்ற ஆண்டுக் கடன் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். நீங்கள் தொலைபேசியில் இவற்றுள் ஒன்றையும் கேட்டதில்லை என்று அறிந்தோம். பட்டா இன்னும் உங்கள் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. பங்காளிகள் மூவர். அவர் ஏன் மண்ணில் பணத்தைப் போடத் தயங்குகிறார் என்பதை இதற்குமேல் நாம் விளக்கவேண்டியதில்லை. அந்த ஏட்டு வேலையை முடிக்கச் சென்னையிலிருந்தே உங்களால் இயலும். கணக்கரல்லவா!

அவர் முற்றாக மறுக்கவும் இல்லை. மேலைக் கொல்லையை ஒட்டிய இருபது குழியில் இவ்வாண்டு செய்து பார்க்கலாமாம். களை உருளை தள்ள ஆள் கிடைப்பதில்லை என்பதே அவருடைய கவலை. நட்ட பன்னிரண்டாம் நாளும் இருபத்திரண்டாம் நாளும் உருளை ஓடவேண்டும். நடவு நாள் குறித்ததும் உங்களுக்குத் தெரிவிப்பார். "அந்த ரெண்டு நாளும் ஊருக்கு வரச் சொல்லுங்க சாமி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.